எந்த நரம்பு கிடைக்கும் என்று எங்களைக் கேளுங்கள்

என் வலது கையில் ரத்தம் எடுக்க முடியாது. முழங்கை மடிப்பில் இருந்த நரம்பெல்லாம் போய் 25 வருடத்துக்கு மேல் ஆகிறது. தொட்டால் கயிறு மாதிரி கெட்டியாக இருக்கும், குத்தினால் ஒன்றும் வராது. இடது புறங்கையில், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே மேலே ஏறுகிற மெல்லிய நரம்பு ஒன்று மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஐந்து நிமிடம் சுற்றி வைத்து, கையைத் தொங்கவிட்டு, குழந்தைகளுக்குப் போடுகிற பட்டர்ஃபிளை ஊசியால் குத்தினால் ஒரே குத்தில் ஊதா மூடிக் குழாய் நிறைந்துவிடும்.

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிற எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எதிர்ப்புச் சக்தி அணுக்களை எண்ணுகிற சி.டி.ஃபோரும் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. பல வருடம் ஊசியில் போதை ஏற்றிக்கொண்ட எங்களுக்கு அந்த நாளை நினைத்தாலே முந்தைய இரவு தூக்கம் போய்விடும். "இங்க குத்தாதீங்க சார், கிடைக்காது" என்று சொன்னால், "கையை நீட்டு, எங்களுக்குத் தெரியும்" என்பார்கள். ஒரு தடவை ஆறு குத்து வாங்கினேன். ஏழாவதுக்குக் கையை இழுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். என் தாளில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம்.

போன மாதம் பயிற்சி மருத்துவர்கள் சிலரிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். களப்பணியாளன் என்ற முறையில் எப்போதாவது இப்படிக் கூப்பிடுவார்கள். என் கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் மருத்துவர் எழுந்து, "சார், உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்கு எந்த மாதிரி டிரீட்மென்ட் பிடிக்கும்?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று எனக்குச் சொன்னவர்கள் நூறு பேர் இருப்பார்கள். எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று உளறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு ஆறவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் வடசென்னைக்காரன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். 90களின் தொடக்கத்தில் எங்கள் தெருப் பையன்கள் ஹெராயின் பவுடரைத் தாளில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் அது கிடைப்பது குறைந்து, விலையும் ஏறி, பலர் பூப்ரினார்ஃபின் என்கிற வலி ஊசி மருந்தின் ஆம்பூலுக்கு மாறினோம். ஒரு சிரிஞ்ச், நான்கு பேர். அப்போது எங்களுக்கு அது தோழமை. 2003இல் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று தெரிந்தது. அந்த நான்கு பேரில் இன்று நான் மட்டும் இருக்கிறேன்.

இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. நாட்டில் முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். ஆனாலும் நான் 2005 கடைசி வரைக்கும் மருந்து தொடங்கவில்லை. காரணம், அதற்கு முன்பு வேறொரு இடத்தில் ஒரு மருத்துவர் சொன்ன வார்த்தை: "முதல்ல அந்தப் பழக்கத்தை விட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்."

டாக்டர், உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். பழக்கத்தை விடுவதை எச்.ஐ.வி. மருந்துக்கு நுழைவுச் சீட்டாக வைக்காதீர்கள். இன்றைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட மாட்டான் என்று நினைக்கிறார்கள். நான் முதல் நான்கு வருடம் ஊசியும் போட்டேன், இரண்டு வேளை மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டேன். ஊசி நேரத்தை மறந்தவன் எவனாவது உண்டா? அதே நேரத்தோடு மாத்திரையையும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இதை அன்று கவுன்சிலரிடம் சொல்லப் பயம். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பொய் சொன்னேன். போதை எடுக்கிறார் என்பதற்காகக் கூட்டு மருந்தை மறுக்கக்கூடாது என்பதுதான் நெறிமுறை. 2017இலிருந்து பாசிட்டிவ் என்று தெரிந்த எல்லோருக்கும், சி.டி.ஃபோர் எவ்வளவு என்று பார்க்காமலே மருந்து உண்டு. அதே வருடம் வந்த எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைக் குறைப்பதற்காகப் புது ஊசி கொடுப்பதையும் போதைக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுப்பதையும் குற்றமாகக் கருதக்கூடாது என்கிறது. 'முதல்ல விட்டுட்டு வா' என்ற வார்த்தையை மட்டும் எங்கள் பையன்கள் இன்னமும் எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஒரே சிரிஞ்சால் பரவுகிற இன்னொரு வைரஸ், கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி விஷயத்திலும் இதையேதான் கேட்டேன். இன்டர்ஃபெரான் காலத்தில் அது எங்களுக்கு எட்டாக்கனி. மாதக்கணக்கில் ஊசி, லட்சக்கணக்கில் செலவு. 2018 ஜூலையில் தேசிய திட்டம் வந்த பிறகு மாத்திரை இலவசமானது. எனக்கு 12 வாரம், 84 நாள். ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன், வைரஸ் போய்விட்டது. அந்த 84 நாளையும் காலண்டரில் அம்மாதான் கட்டம் போட்டு அடித்தார்.

அடுத்தது நேரம். இதை வெளியில் இருக்கிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். காலையில் போட்ட ஊசி மதியத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். முதலில் கொட்டாவி, அப்புறம் மூக்கில் தண்ணீர், முதுகில் சில்லிப்பு, வயிற்றைப் பிசைவது. வரிசையில் 60ஆவது ஆளாக உட்கார்ந்திருக்கும்போது இது தொடங்கினால், அவன் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். சீட்டுப் போடுகிற இடத்தில், டாக்டர் அறையில், கவுன்சிலர் அறையில், மருந்து கொடுக்கிற ஜன்னலில் என்று நான்கு வரிசை. நான்காவது வரைக்கும் தாக்குப்பிடிக்க உடம்பு விடாது. அக்கறை இல்லாதவன் என்று அவனைச் சொல்கிறார்கள். ஆனால், அவன் காலை ஆறு மணிக்கே வந்து வாசலில் நின்றவன். காலையில் முதல் ஒரு மணி நேரம் ஊசிக்காரர்களுக்கு என்று ஒதுக்கிப் பாருங்கள், எத்தனை பேர் மருந்தோடு வீடு திரும்புகிறார்கள் என்று.

என்னை மீட்டது ஓ.எஸ்.டி. என்கிற மாற்று மருந்து. 2010இல் சேர்ந்தேன். என் நரம்பையெல்லாம் தின்ற அதே பூப்ரினார்ஃபின்தான், ஆனால் இப்போது மாத்திரையாக. சிஸ்டர் அதைப் பொடித்து நாக்குக்கடியில் போடுவார், கரைகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் நடுக்கம் வந்த பிறகு வரச்சொன்னார்கள். உடம்பில் பழைய சரக்கு இருக்கும்போதே கொடுத்தால் இந்த மருந்து அதைத் தள்ளிவிட்டு உட்காரும், ஒரே நொடியில் ஆளை முறுக்கிவிடும் என்று சிஸ்டர் விளக்கினார். ஏன் காத்திருக்க வேண்டும் என்று காரணம் சொல்லி என்னைக் காக்கவைத்த முதல் ஆள் அவர்தான். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கோபமே வரவில்லை.

எங்கள் ஆட்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு எது பிடிக்கும் என்று கேட்டால் ஏழெட்டுப் பேராவது சொல்வது, ஓ.எஸ்.டி. கொடுக்கிற இடத்திலேயே எச்.ஐ.வி. மாத்திரையும் கொடுங்கள், டி.பி. மாத்திரையும் கொடுங்கள், புண்ணுக்குக் கட்டும் அங்கேயே போடுங்கள் என்பதுதான். தினமும் எப்படியும் அங்கே வருகிறான். அவன் முகம் வாடியிருந்தால் சிஸ்டருக்கே தெரியும். அவனைப் போய் மூன்று ஆஸ்பத்திரி, மூன்று அட்டை, மூன்று தேதி என்று அலையவிடுவது ஏன்?

அலைச்சல் மட்டும் இல்லை, இதில் ஆபத்தும் இருக்கிறது. என் நெருங்கிய நண்பருக்கு எச்.ஐ.வி.யோடு டி.பி.யும் வந்தது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் தொடங்கி ஒரு வாரத்தில் அவருக்கு நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. ஓ.எஸ்.டி. மாத்திரை அதே அளவுதான், ஆனால் உடம்பில் நிற்கவில்லை. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற டோலுடெக்ராவிர்கூட அப்போது ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை கொடுக்க வேண்டும். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று டி.பி. மாத்திரை கொடுத்தவருக்கு ஓ.எஸ்.டி. பற்றித் தெரியாது, ஓ.எஸ்.டி. கொடுத்தவரிடம் டி.பி. பற்றி நண்பர் சொல்லவில்லை. நண்பர் நடுங்குவதைப் பார்த்து, "திரும்பவும் ஊசிக்குப் போயிட்டியா?" என்றார்கள். அவர் போகவில்லை. அந்தச் சந்தேகத்துக்குப் பிறகுதான் போனார். மூன்று மாதம் ஆயிற்று மறுபடி மையத்துக்குக் கூட்டி வர. டாக்டர், இந்த இடத்தைத்தான் நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நடுங்குகிற ஆளைப் பார்த்தால் முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

வார்டில் படுக்கவைக்கிறபோது இன்னும் மோசம். தொடையில் சீழ் கட்டி என்னை ஒரு தடவை அட்மிட் பண்ணினார்கள். ஓ.எஸ்.டி. மாத்திரை கேட்டேன். 'இங்கே அது இல்லை' என்றார்கள். வலி மருந்து கேட்டேன், நான் போதைக்குக் கேட்கிறேன் என்று நினைத்தார்கள். உண்மையில் பூப்ரினார்ஃபின் எடுக்கிற உடம்புக்குச் சாதாரண வலி மருந்தின் அளவு எட்டாது, கூடுதலாகவோ வேறாகவோ யோசிக்க வேண்டும். இரண்டாம் நாள் இரவு கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். 'சொல்லாமல் ஓடிவிட்டார்' என்றுதான் அதுவும் பதிவாகியிருக்கும். எங்கள் பையன்களில் எத்தனை பேர் இப்படிப் பாதி வைத்தியத்தில் எழுந்து வந்து செத்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. வார்டில் ஒரு வேளை ஓ.எஸ்.டி. கொடுத்திருந்தால் அவர்கள் படுத்திருப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடிக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. ரகசியம் விஷயத்தில் ஆளுக்கு ஆள் வேறு. எங்களிடம் இரண்டு ரகசியம் இருக்கிறது. எச்.ஐ.வி. ஒன்று, ஊசி ஒன்று. ஒருவர் வீட்டில் எச்.ஐ.வி. தெரியும், ஊசி தெரியாது. ஊசி தெரிந்தால் வீட்டில் காணாமல் போன ஒவ்வொரு பொருளுக்கும் அவர்தான் திருடன். இன்னொருவர் வீட்டில் ஊசி ஊருக்கே தெரியும், எச்.ஐ.வி. யாருக்கும் தெரியாது, மனைவிக்குக்கூட. (அவரை மனைவியிடம் சொல்லவைக்க ஒன்றரை வருடம் கூட இருந்தோம். சொன்னார். இப்போது இருவரும் சேர்ந்துதான் வருகிறார்கள்.) முதல் ஆள் ஓ.எஸ்.டி. மையத்தில் எச்.ஐ.வி. மருந்து வாங்க விரும்ப மாட்டார். இரண்டாம் ஆள் எச்.ஐ.வி. மையப் பக்கமே தலைகாட்ட மாட்டார். ஒரே இடம் வேண்டும் என்று மேலே எழுதினேன். அதை விரும்பாதவர்களுக்கு வேறு வழியையும் திறந்து வைக்க வேண்டும். தெருமுனையில் இருக்கிற மையத்தை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறித் தூரமாகப் போகிற ஒருவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தத் தூரத்துக்காகத்தான் அவர் போகிறார்.

பெண்களைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. ஊசி போடுகிற பெண்கள் இரண்டு பேரைத்தான் எனக்கு நேரில் தெரியும். ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிற ஓ.எஸ்.டி. அறைக்குள் இருவருமே நுழையவில்லை. வேறு நேரம், ஒரு பெண் சிஸ்டர், பிள்ளையைக் கூட்டி வந்தால் உட்கார ஒரு பெஞ்ச். அவ்வளவுதான் கேட்டார்கள்.

கொஞ்ச நாளாக டீக்கடையில் ஓடுகிற பேச்சு, எச்.ஐ.வி.க்கு வெளிநாட்டில் வந்திருக்கிற நீண்டநாள் ஊசி பற்றியது. தினம் மாத்திரைக்குப் பதில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இடுப்பில் போடுகிற கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசி. இங்கே அரசு மையங்களில் அது கிடையாது. ஆனாலும் அதைப் பற்றிப் பேசினால் சண்டையே வந்துவிடுகிறது. ரோட்டோரத்தில் படுக்கிற ஒருவர், "மாத்திரை டப்பாவை எங்க வெச்சுக்குவேன்? மழையில நனையுது, தூங்கும்போது பையோட தூக்கிட்டுப் போயிடறானுங்க. ஊசின்னா உடம்புக்குள்ளயே இருக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் 12 வருடமாக ஊசியைத் தொடாதவர். "ஸ்பிரிட் வாசனை மூக்குல ஏறினாலே எனக்குக் கை சிலிர்க்குது. என்னை மறுபடி சிரிஞ்ச் பக்கத்துல உட்கார வைக்காதீங்க" என்றார். இருவரும் ஒரே தெருவில், ஒரே ஆம்பூலில் தொடங்கியவர்கள். இருவரும் சொல்வது சரி. கேட்காமல் தீர்மானித்தால் இரண்டில் ஒருவரை இழப்பீர்கள்.

அதே மாதிரிதான் வீட்டுக்கு மருந்து கொடுப்பதும். எச்.ஐ.வி. மாத்திரையை இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், நல்லது. ஓ.எஸ்.டி.க்கு அந்த நம்பிக்கை ரொம்ப நாளாக இல்லை. 2020 ஊரடங்கில்தான் வேறு வழியில்லாமல் வீட்டுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவன் அப்போது சொன்னான், "அண்ணா, பத்து வருஷத்துல முதல் தடவையா காலைச் சவாரியை விடாம ஓட்டறேன்." நான் வீட்டுக்கு வாங்குவதில்லை. தினமும் போய் சிஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வருவது எனக்குப் பிடிக்கும். எனக்கு அது மருந்தில் பாதி.

கடைசியாக ஒன்று. கூட வர ஒரு ஆள். இதை நான் என் வேலைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வியட்நாம், இந்தோனேசியா, உக்ரைன் மூன்று நாட்டிலும் எச்.ஐ.வி. உள்ள ஊசிக்காரர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் எந்த மையத்துக்குப் போவது, எப்படிச் சேர்வது என்று வழிகாட்ட ஒரு ஆளும் ஆலோசனையும் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கு மாற்று மருந்துக்கும் வழி செய்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருடத்தில் அந்தப் பிரிவில் 72 சதவீதம் பேர் கூட்டு மருந்தில் இருந்தார்கள். மற்றவர்களில் 43 சதவீதம். ஆய்வுக் காலத்தில் அவர்களில் 7 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 15. பாதிக்குப் பாதி. இதை முதலில் கேட்டபோது என் பழைய நண்பர்கள் மூன்று பேர் முகமும் வரிசையாக வந்துபோனது.

நாட்டில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. சுமார் 0.2 சதவீதம். ஊசியில் போதை எடுப்பவர்களிடம் 2021 கணக்கெடுப்பில் அது 9 சதவீதம். பவுடர் போய், ஆம்பூல் போய், இப்போது எங்கள் பகுதியில் வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றுகிறார்கள். டேபென்டடால். ஊசிக்கென்றே செய்யப்படாத மாத்திரை, நரம்பைச் சீக்கிரம் அடைத்துவிடுகிறது. 22, 23 வயதுப் பையன்களின் கையைப் பார்க்கிறேன், என் ஐம்பது வயதுக் கை மாதிரி இருக்கிறது.

அதில் ஒருவனுக்கு ஆறு மாதத்துக்கு முன்பு, எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் பாசிட்டிவ் என்று வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். ஊசியை இன்னும் விடவில்லை, விட்டதாகப் பொய்யும் சொல்லவில்லை. நாளைக்கு அவனுக்கு முதல் வைரல் லோடு. ஒரு வாரமாக வரமாட்டேன் என்றவன் நேற்று மூன்று நிபந்தனை சொன்னான். ஒன்பது மணிக்குள் முடியணும். அண்ணா கூட வரணும். எந்தக் கை, எந்த இடம் என்று அவன்தான் காட்டுவான், அங்கேதான் குத்தணும். லேபில் இருக்கிறவருக்கு மாலையில் போன் பண்ணினேன். "கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட கேட்டுட்டே எடுக்கறேன்" என்றார்.

ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு. காலை ஐந்தரைக்கு வெந்நீர் போட வேண்டும்.